பாட்டுப் பெட்டியும் வானொலியும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தெற்கே போகிறவர்கள் முட்டுக்காட்டுப் பாலத்தை அடைந்ததும், ஒரு பக்கம் உப்பங்கழியும் அதில் உலவும் சுற்றுலாப் படகுகளும், மற்றொரு பக்கம் கழி கடலோடு கலக்கும் முகத்துவாரமும் கண்ணில் பட, வண்டியின் வேகத்தைச் சற்றே குறைத்துக்கொள்வது வழக்கம். அப்படிக் குறைத்துப் போகும் கார்களின் ஜன்னல் வழியே கசியும் பாட்டுகளில் பெரும்பகுதி இப்போது வானொலியிலிருந்து வருவதில்லை. சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசி இணையத்திலிருந்து இழுத்துக் கொடுக்க, புளூடூத் வாங்கிப் பாடுகிறது. பாலம் கடந்து கோவளம் குப்பத்துக்குள் இறங்கினால், கரையேற்றி வைத்த ஃபைபர் படகுகளின் நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசல்களைக் கட்டிக்கொண்டிருப்பவர்களின் பக்கத்திலும் ஒரு சின்ன ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருக்கும்; அதன் வயிற்றில் இருப்பது ஒரு மெமரி கார்டு, இல்லாவிட்டால் பேரன் போட்டுக் கொடுத்த யூடியூப். அந்தக் கரையில் ஒரு டிரான்சிஸ்டர் பெட்டியைக் காண வேண்டுமானால் தேடித்தான் போக வேண்டும்.

ஆகவே, இணையத்தின் வழியே பாட்டு வழங்கும் செயலிகள் வானொலியை விழுங்கிவிடுமா என்று எவரேனும் கேட்டால், பாட்டைப் பொறுத்தவரையில் விழுங்கி முடித்தாயிற்று என்பதே யோக்கியமான பதில். கானா, சாவன் முதலியவை முன்னமே இருந்தனவாயினும், 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவின் விலையைக் கூலிக்காரரின் கைக்கும் எட்டும்படி இறக்கிய பிறகுதான் அவை சர்வஜன சொத்தாயின. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவில் கடை விரித்தபோது, வாங்க ஆள் தயாராக இருந்தது. நினைத்த பாட்டை நினைத்த நிமிஷத்தில் கேட்கும் சௌகரியத்தை ஒருமுறை ருசித்தவரிடம் போய், நேயர் விருப்பத்துக்குத் தபால் அட்டை எழுதிப் போட்டுவிட்டு, தம் பெயரும் ஊர்ப் பெயரும் வாசிக்கப்படும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கும்படி உபதேசிப்பது வீண் காரியம். எனக்கு இதில் வருத்தமும் கிடையாது. கர்நாடக சங்கீதத்தில் ஈடுபாடு உள்ள ஒருவர், ஒரு ராகத்தை நாலு வித்வான்கள் எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்று ஒரே மாலையில் ஒப்பிட்டுப் பார்ப்பது என் தகப்பனார் காலத்தில் ஜமீன்தார்களுக்கும் சாத்தியப்படாத சுகபோகம்.

என் ஆட்சேபணை கேள்வியின் மேல்தான். வானொலி என்பது பாட்டுப் பெட்டி என்று முதலில் வைத்துக்கொண்டு, அதைவிட நல்ல பாட்டுப் பெட்டி ஒன்று வந்துவிட்டதால் வானொலியின் ஆயுள் முடிந்தது என்று தீர்ப்புச் சொல்லுகிறார்கள். அது எந்தக் காலத்தில் வெறும் பாட்டுப் பெட்டியாக இருந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

நம் பட்டணத்தில் வானொலி 1924இல் ஒரு சங்கமாகப் பிறந்தது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலான சில உற்சாகிகள் சேர்ந்து ஆரம்பித்த சென்னை மாகாண ரேடியோ கிளப், அதே ஆண்டு ஜூலைக் கடைசியில் ஒலிபரப்பத் தொடங்கி, மூன்றே வருஷத்தில் பணமுடையால் ஓய்ந்துபோயிற்று. ஓய்ந்த பின் அதன் ஒலிபரப்பு யந்திரத்தை எடுத்துக்கொண்டு 1930இல் மீண்டும் உயிர் கொடுத்தது எது என்றால், தெரு விளக்கும் குழாய்த் தண்ணீரும் கவனிக்கிற சென்னை மாநகராட்சி. மாலை நேரத்து நிகழ்ச்சியை வீட்டில் ரேடியோ வைத்திருந்த சொற்பப் பேருக்காக மட்டும் அது நடத்தவில்லை. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டி, காற்று வாங்க வந்த சாமானியர்களின் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அகில இந்திய வானொலி 1938 ஜூன் 16ஆம் தேதி எழும்பூரில் தன் சென்னை நிலையத்தைத் திறக்கும் வரையில் இந்த ஏற்பாடு நடந்தது. ரேடியோ கேட்பது என்பது ஆதியில், குழாயடியைப் போலவும் மணிக்கூண்டைப் போலவும் ஊர்ப் பொதுவான ஒரு வசதியாக இருந்ததை இங்கே மறக்கலாகாது. வீட்டுக்குள் பெட்டி வந்த பிறகும், வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொண்ட காலம் ஒன்று உண்டு. அந்த லைசென்ஸ் 1980களில் ஒழிந்தது.

பாட்டு விஷயத்தில் வானொலி அடி வாங்கியது இது முதல் தடவையும் அல்ல. 1952இல் பி.வி. கேஸ்கர் மத்திய ஒலிபரப்பு மந்திரியாக வந்ததும், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்ற அபிப்பிராயத்தில், அதை அகில இந்திய வானொலியில் ஏறக்குறைய விலக்கி வைத்து, சாஸ்திரீய சங்கீதத்துக்கே ராஜபீடம் கொடுத்தார். அவருடைய எண்ணம் உயர்ந்ததுதான். ஆனால் பெட்டியின் முள்ளைத் திருப்புகிற விரல் மந்திரியின் விரல் அல்லவே! இந்தியாவெங்கும் ஜனங்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். கொழும்பிலிருந்து மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் போன்றவர்களின் குரல் தமிழ்நாட்டு வீடுகளில் நெருங்கிய உறவினர் குரலாகிவிட்டது. தமிழ்நாட்டுக் கடற்கரைக் கிராமங்களில் ஒரு தலைமுறையே அந்தக் குரல்களோடு வளர்ந்தது. 1957 அக்டோபர் 3ஆம் தேதி, சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுத்து அகில இந்திய வானொலியின் விவித பாரதி பிறந்ததற்குக் காரணம் இந்தக் குடிபெயர்ச்சிதான். கேட்கிறவர்களை விட்டு நிலையம் விலகினால், கேட்கிறவர்கள் நிலையத்தை விட்டு விலகுகிறார்கள். அன்று அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் மற்றொரு வானொலியாக இருந்தது, இன்று செயலியாக இருக்கிறது.

பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டால் வானொலியில் மிச்சம் என்ன என்று கேட்பவர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்களை விசாரிக்கலாம். 1960களில் ஆடுதுறை 27 என்ற புதிய ரகம் வந்தபோது, அதன் நாற்று, உரம், தண்ணீர்க் கணக்கு எல்லாவற்றையும் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் வாயிலாகவே கேட்டுப் பயிர் செய்த விவசாயிகள், அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். விஞ்ஞானி வைத்த எண்ணை ஜனங்கள் தள்ளிவிட்டு, சேதி சொன்னவனின் பெயரை வைத்தார்கள் என்றால், சொன்னவனிடத்தில் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை எத்தகையது! திருநெல்வேலியில் இத்தகைய பண்ணை ஒலிபரப்பில் பழகி வந்தவர்தாம் தென்கச்சி கோ. சுவாமிநாதன், வேளாண்மைப் பட்டதாரியான அவர் சென்னைக்கு வந்து 'இன்று ஒரு தகவல்' என்று தினம் சில நிமிஷம் பேசியதைக் கேட்க, ஒரு மாநிலமே காலைக் காப்பியை ஆறவிட்டது. அவரைக் கேட்கிறேன் என்று எவரும் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தவில்லை. பெட்டி பாடிக்கொண்டிருந்தது, பாட்டு முடிந்தது, அவர் பேசினார், சமையலறையிலும் சலூனிலும் டீக்கடையிலும் இருந்தவர்கள் கேட்டார்கள், அவ்வளவுதான். செயலியின் தர்மம் இதற்கு முற்றிலும் விரோதம். நேற்று நீங்கள் ரசித்ததை வைத்து இன்று என்ன ரசிப்பீர்கள் என்று அது அனுமானிக்கிறது. அனுமானம் பெரும்பாலும் பலிக்கவும் பலிக்கிறது. பலிக்கப் பலிக்க, நீங்கள் கேட்டிராதது உங்கள் காதில் விழும் சந்தர்ப்பம் குறைந்துகொண்டே போகிறது. தேடத் தெரிந்தவருக்குச் செயலி ஒரு கற்பக விருட்சம். எதைத் தேடுவது என்று தெரியாதவருக்கு அது கண்ணாடிதான். தம் முகத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

இனி யந்திரத்தின் கணக்கு. அதைச் சொல்லாமல் இந்த விவாதம் பூர்த்தியாகாது, ஏனெனில் ரசனையைப் பற்றி ஆளுக்கொரு கட்சி பேசலாமே ஒழிய பௌதிக சாஸ்திரத்தோடு கட்சி பேச முடியாது. ஒரு வினாடிக்கு 128 கிலோபிட் என்ற சாதாரணத் தரத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டால், ஏறக்குறைய 58 எம்.பி. டேட்டா செலவாகிறது, ஆயிரம் பேர் கேட்டால் ஆயிரம் தனித்தனிச் சரடுகள் அந்தப் பாட்டைச் சுமந்துகொண்டு கோபுரம் கோபுரமாக ஓட வேண்டும். ஒலிபரப்புக் கோபுரத்துக்கோ ஒருவர் கேட்பதும் லட்சம் பேர் கேட்பதும் ஒரே செலவு. அதற்குத் தன்னைக் கேட்பவர் யார் என்று தெரியாது, கட்டணமும் கேட்காது, கேட்பவர் எண்ணிக்கை பெருகிற்று என்று திணறவும் செய்யாது. கைப்பேசிக் கோபுரம் திணறும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை அதைக் கண்டது. மறு ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போனபோது மீண்டும் கண்டது. மின்சாரம் நின்று, கோபுரத்தடியில் இருக்கும் பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவர வழியில்லாமல் சாலையும் அடைபட்டால், கையிலுள்ள போன் எத்தனை ஆயிரம் ரூபாய் விலையுள்ளதாயினும் டார்ச் லைட்டுக்கு மேல் உதவாது.

புயல் வருவதற்கு முன்னே போனுக்கு எச்சரிக்கை வந்துவிடுகிறதே என்பார்கள். வருகிறது, அது பெரிய வசதி என்பதில் சந்தேகமில்லை. 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகில்தான் கரையைக் கடந்தது. எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்ற சேதி இந்தக் கரையிலுள்ள குப்பங்களுக்கெல்லாம் முன்கூட்டியே எட்டியிருந்தது. வானொலிக்கு வேலை வருவது அதற்குப் பிற்பட்ட மணி நேரங்களில். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போடுகிறார்கள், கடலுக்குப் போகலாமா, குடிதண்ணீர் லாரி எங்கே நிற்கிறது என்பவற்றை, இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடுகிற நூற்றுச் சொச்ச ரூபாய்ப் பெட்டி அப்பொழுதும் சொல்லும், சொல்லுகிறவர் இருந்தால். கடலுக்குள் போய்விட்டவர்களின் விஷயம் இன்னும் தெளிவானது. கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதுமே 'டவர் போயிடுச்சு' என்று போனைப் பாலிதீன் பைக்குள் வைத்துவிடுவார்கள். மத்திய அலையோ தரையைவிடக் கடலின் மேல்தான் நெடுந்தூரம் போகும். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அதன் மேற்பரப்பைத் தழுவிக்கொண்டு ஓடும் அலை சீக்கிரத்தில் சோர்வதில்லை. சென்னை வானொலி 720 கிலோ ஹெர்ட்ஸில் பேசியதைக் கரை கண்ணுக்கு மறைந்த இடத்திலும் கேட்டவர்கள் இந்தக் குப்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். மத்திய அலையைப் பழைய சரக்கு என்று ஒதுக்குகிற தலைநகரத்து உத்தியோகஸ்தர்கள், கல்பாக்கத்து அணுமின் நிலையமும் இதே கரையில்தான் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு ஒதுக்கட்டும்.

வெளிநாடுகளில் வானொலியை மூடிவிட்டார்களே என்று உதாரணம் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. நார்வே 2017இல் தன் தேசிய பண்பலை ஒலிபரப்பை நிறுத்தியது; சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு ஸ்தாபனம் 2024 முடிவில் நிறுத்தியது. நிறுத்திவிட்டு அவர்கள் ஜனங்களை எங்கே போகச் சொன்னார்கள் என்பதை உதாரணம் காட்டுபவர்கள் சொல்வதில்லை. இணையம் ஒரு துணையாக இருந்ததே தவிர, பண்பலையின் ஸ்தானத்தில் அவர்கள் நிறுத்தியது டிஜிட்டல் வானொலியை. அதாவது கோபுரம் கட்டி ஆகாசத்தில் எல்லாருக்குமாக விசிறுகிற அதே பழைய ஒலிபரப்பை, புதிய உடுப்பில்.

இங்கேயோ நிலைமை விசித்திரமானது. பண்பலை ஒலிபரப்பில் இந்தியாவுக்கே முன்னோடி சென்னைதான். 1977 ஜூலையில் அகில இந்திய வானொலி அதைத் தொடங்கியது இங்கேதான். தனியார் நிலையங்கள் வந்தது புது நூற்றாண்டின் தொடக்கத்தில். இத்தனை வருஷமாகியும் அவர்கள் சொந்தமாக ஒரு செய்தி வாசிக்க அனுமதி கிடையாது. அகில இந்திய வானொலியின் செய்தியை வேண்டுமானால் ஒரு எழுத்தும் மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பலாம். பத்திரிகை நடத்தலாம், இருபத்து நாலு மணி நேரமும் டெலிவிஷனில் சண்டை போடலாம், கையிலொரு போன் இருந்தால் எவரும் எதையும் யூடியூபில் செய்தி என்று சொல்லலாம். வானொலியில் மட்டும் ஒரு பஞ்சாயத்துக் கூட்டத்தில் நடந்ததைச் சொந்த வாயால் சொல்லக் கூடாது! அலைவரிசை பொதுச் சொத்து, அது சர்க்காரின் ஏகபோகமாகாது என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லி எத்தனையோ மந்திரிகள் வந்து போய்விட்டார்கள். மணிக்குப் பத்து நிமிஷம் வரை செய்தி சொல்ல இவர்களை விடலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் சிபாரிசு செய்தது. வாயைக் கட்டிவிட்டு, இவன் பாட்டு முணுமுணுப்பதைத் தவிர ஒன்றும் அறியான் என்று பரிகசிப்பது எந்த ஊர் நியாயம்?

நிலையக்காரர்களின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. வானிலை, போக்குவரத்து, பரீட்சை முடிவு, மின்வெட்டு, குடிநீர், இயற்கைச் சேதம் பற்றிய அறிவிப்பு ஆகியவை செய்தியாகக் கருதப்படாதவை; அவற்றைச் சொல்ல அவர்களுக்கு இப்போதே தடையில்லை. வெள்ள நாட்களில் சில நிலையங்கள் பாட்டை நிறுத்திவிட்டு, உதவி கேட்பவரையும் உதவுபவரையும் இணைத்து மெச்சத்தக்க சேவை செய்தன. வெள்ளம் வடிந்ததும் பழையபடி பாட்டு, விளம்பரம், கலகலப்பு, மறுபடி அதே பாட்டு. ஒரு நிலையத்தை மாற்றினால் அடுத்த நிலையத்திலும் அந்தப் படத்தின் அந்தப் பாட்டே ஓடும்போது, கார் ஓட்டுபவர் செயலிக்குப் போனதில் அதிசயம் என்ன? எதிராளி பலமாக நிற்கிற களத்திலேயே போய் நின்றுகொண்டு குத்துப்பட்டவர்கள் இவர்கள்.

கைப்பேசி செய்கிறவர்கள் இன்னொரு கதவையும் அடைத்துவிட்டார்கள். போனுக்குள் எஃப்.எம். வாங்கியைச் சேர்ப்பதற்கு ஆகும் செலவு அற்பம். முன்பெல்லாம் மலிவான பொத்தான் போனிலும் அது இருந்தது, இயர்போனின் ஒயரே அதற்கு ஆண்டெனா. டேட்டா வேண்டாம், சிம் கார்டுகூட வேண்டாம். இப்போது இயர்போன் செருகும் துளையே பல போன்களில் இல்லை. ஒயர் இல்லாததால் ஆண்டெனா இல்லை, ஆண்டெனா இல்லாததால் வாங்கி இல்லை, இருக்கிற சில்லும் சில போன்களில் முடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று மத்திய மின்னணுத் துறை 2023 ஏப்ரலில் ஆலோசனை சொல்லியது. ஆலோசனை ஆலோசனைதான், கட்டளை அல்ல. 'வானொலியா? நியூஸ்ஆன்ஏர் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று அகில இந்திய வானொலியை நடத்தும் பிரசார் பாரதியும் சொல்கிறது. டொரண்டோவிலிருக்கும் தமிழருக்கு அது வரப்பிரசாதம். டவர் போன நாளில் கோவளத்தாருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இந்தக் கரைக்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டால், பாம்பனைப் பார்க்கச் சொல்லுவேன். அங்கே 2016 முதல் 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி 90.4 அலைவரிசையில் மீனவர்களுக்காக, அவர்கள் பாஷையில், அவர்கள் குரலிலேயே பேசிக்கொண்டிருக்கிறது. சமுதாய வானொலிக்குச் சட்டம் அனுமதிக்கும் வலிமை பொதுவாக 100 வாட். வீட்டில் எரிந்த பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. அந்த 100 வாட்டைக் கோவளத்தில் ஒரு கம்பத்தில் ஏற்றினால் முட்டுக்காடு, கரிக்காட்டுக்குப்பம், திருவிடந்தை, வடநெம்மேலி வரை கேட்கும். காலையில் அலை எவ்வளவு உயரம், வாடையா கச்சானா, ஐஸ் என்ன விலை, முகத்துவாரம் மணல் மூடிக்கிடக்கிறதா திறந்திருக்கிறதா, இறால் குஞ்சு வளர்ப்பவருக்கு முட்டுக்காட்டிலுள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சிப் பண்ணை என்ன சொல்கிறது, ஞாயிற்றுக்கிழமை மாலையில் பாலத்தின் மேல் எத்தனை தூரத்துக்குக் கார்கள் நிற்கின்றன என்பதையெல்லாம் எந்தச் செயலியும் இந்த ஊருக்கென்று திரட்டித் தராது, லாபமில்லையாதலால். நடுநடுவே ஒரு பாட்டும் போடட்டும், யாருக்கும் ஆட்சேபமில்லை.

2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் வளாக வானொலி தொடங்கிய நாள் முதல் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சமுதாய வானொலிகளுக்குக் குறைவில்லை. கேளம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரையிலுள்ள கல்லூரிகளுக்கும் குறைவில்லை. அவற்றுள் ஒன்று மைக்கைக் குளிர்பதன அறையிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டு, விடியற்காலை ஐந்து மணிக்குக் கோவளம் ஏலக் கரைக்கு வர வேண்டும். மீன் விற்கும் பெண்களிடம் கொடுத்தால் பேசுவதற்கு அவர்களுக்குப் பயிற்சி ஒன்றும் தேவைப்படாது.